போகாத நாகசாகிக்கு வழி சொன்னவள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மிஸிஸ் டோலனின் ஆண்டுப் பூசைக்குப் போயிருந்தோம். அவர் இறந்து ஒரு வருடமாகிவிட்டது. லண்டன் ஆர்ச்வேயில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அன்று வழமையைவிட நிரம்பியிருந்தது. அயர்லாந்திலிருந்துகூட உறவினர் வந்திருந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் அவர் செய்த நன்மைகளை வரிசையாகச் சொன்னார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது, பங்குப் பிள்ளைகளை முதல் நன்மை என்ற நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தியது, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைத் தேடிப் போனது. எனக்குச் செய்ததை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது என் மனுஷன் அருள் என்னைப் பார்த்தார்.

"என்ன பிலோ, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. சாமியார் ஒண்டை விட்டிட்டார்."

"அப்ப நீர் எழுதுமன். ஊர்ப் பேப்பருக்கு இஞ்ச பனி பெஞ்சதும் பஸ் பிந்தினதும் எழுதுறீர்தானே."

பகிடியாகத்தான் சொன்னார். நான் பகிடியாக எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நன்மைகளில் பாதிக்கு மேல் யாரோ ஒரு மனுஷியோ மனுஷனோ தன் பாட்டில் செய்தவை. அவற்றுக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் பதிவு இல்லை. அதில் இது ஒன்று. இதில் எனக்கு வெட்கமான பகுதியும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் யப்பானுக்குப் போனதில்லை. இன்றுவரை போனதில்லை.

2

நாங்கள் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். மன்னார்த் தீவில் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். கொழும்பில் ஏறிய விமானம் லண்டனில் இறங்கும்வரை வேறு நாட்டு மண்ணை மிதித்தவள் இல்லை. வந்த பிறகும் மிதிக்க வழியில்லை. எங்கள் பாஸ்போட்டுகள் அகதி விண்ணப்பத்தோடு, குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸில் இருந்தன. கடிதம் போட்டால் உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் போட்டால் அதே பதில், திகதி மட்டும் புதிது. தெரிந்தவர்கள் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் கப்பலில் பிரான்சுக்குப் போய் வருவார்கள். எங்களுக்கு அதுவும் ஏலாது. அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: மற்றவர்களை விமானம் ஏற்றி அனுப்புகிற வேலை.

கடை சிவலிங்கம் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்து மனிதர். காலையில் ஹைகேட் மேட்டு முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் கடையைத் திறப்பார். நான் சிலுவை மாலையோடு தேநீருக்குக் கேத்தலைப் போடுவேன். எங்களுடைய இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு தொலைபேசி, கண்ணாடியில் ஒட்டிய வெயிலில் வெளிறிப்போன நீலக்கடல் படம். கொழும்பு, சென்னை, ரொறன்ரோ. இந்த மூன்று ஊருக்கும் ரிக்கெற் எழுதியே எங்கள் நாள் போய்விடும்.

தொண்ணூறு ஜூனில் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியது. கொழும்புக்குப் பதிந்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்துச் செய்ய வந்தார்கள். வந்தவர்கள் ரிக்கெற்றைப் பற்றி இரண்டு சொல்லும் ஊர்ச் செய்தியைப் பற்றி இருநூறு சொல்லும் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. தொலைபேசி அடிக்காத நாட்களில் அண்ணை அதைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பார், லைன் இருக்கிறதா என்று.

அந்தக் காலத்தில்தான் யப்பானியச் சுற்றுலாக் கம்பனி ஒன்றின் ஆள் எங்கள் கடைக்கு வந்தார். இங்குள்ள ஓய்வூதியக்காரர்களைச் சிறு குழுக்களாக நாகசாகி மாகாணத்துக்கு அனுப்ப அவர்களுக்குச் சின்ன ஏஜென்சிகள் தேவைப்பட்டன. எல்லோரும் தோக்கியோவுக்கும் கியோத்தோவுக்குமே போகிறார்கள், எங்கள் மாகாணத்தை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த கிழமை மூன்று பெட்டி கையேடுகள் வந்திறங்கின.

"அண்ணை, யப்பானுக்குப் போக ஆர் எங்களிட்டை வருவினம்?"

"வருவினம் பிள்ளை. நீர் உதை வடிவா வாசிச்சு வையும். கேட்டா டக்கெண்டு சொல்ல வேணும்."

முதலில் வந்தது ஒரு வயதான கணவனும் மனைவியும். நான் கையேட்டை விரித்துப் படங்களைக் காட்டினேன். அந்தப் பெண் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து அண்ணையின் ஆங்கிலம் வந்தது. பிலோமினா அங்கே இருந்தவள், தன் சொந்த ஊர்போல அவளுக்கு எல்லாம் தெரியும் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? நான் எங்க போனனான்?"

"நான் என்ன பொய்யே சொன்னனான்? யப்பானும் தீவு, உம்மட மன்னாரும் தீவு. தீவில இருந்தவதானே நீர்?"

சிரித்துவிட்டேன். சிரித்ததுதான் என் பிழை. இரண்டாவது தடவை அவர் சொன்னபோது பேசாமல் இருந்தேன். மூன்றாவது தடவை அவர் கடையிலேயே இல்லை. ஒரு பெண் கேட்டார். ஓம், போயிருக்கிறேன் என்று என் வாயே சொன்னது. அந்த ஒன்றை அண்ணையின் தலையில் போட முடியாது.

3

இன்றைக்கும் எங்கள் கடையில் அந்தக் கையேடு ஒன்று மிச்சமிருக்கிறது. இப்போது நாங்கள் அதிகம் விற்பது ரொறன்ரோ ரிக்கெற்றும் தொலைபேசி அட்டையும்தான். மத்தியானம் ஆட்கள் குறைந்த நேரத்தில் சில வேளை அதைப் புரட்டுவேன். அதில் இல்லாததையும் சேர்த்து எனக்குப் பாடம்.

மாகாணம் என்பதற்கு அவர்கள் போட்டிருந்த ஆங்கிலச் சொல் என் நாக்கில் புரளாது. ஒரு கிழமை, ஏழு நாளும், அதைப் 'பேர்ஃபெக்ட்' என்று ஏதோ உயர்ந்த சாமான் மாதிரி உச்சரித்துக்கொண்டு திரிந்தேன். என் மகள் டிலானிக்கு அப்போது எட்டு வயது. "அம்மா, நோ! பிறீ-ஃபெக்-சர்," என்று சோற்றுக் கோப்பையைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்போது அவள் காட்டாத பொறுமையை எனக்கு ஆங்கிலம் சொல்லித் தரும்போது காட்டினாள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் வாசித்தேன், சலவைக் கடையில் உடுப்புச் சுற்றும்போது வாசித்தேன். நாகசாகித் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் ஸ்கொட்லாந்து வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. இரண்டு வளைவுள்ள பழைய கற்பாலம். தண்ணீரில் விழும் நிழலோடு சேர்த்துப் பார்த்தால் மூக்குக்கண்ணாடி மாதிரித் தெரியுமாம். அணுகுண்டு விழுந்த இடத்தில் ஒரு கறுப்புக் கல். குண்டில் இடிந்து, அதே ஊர்ச்சனம் திரும்பக் கட்டிய பெரிய மாதா கோயில். வடக்கே ஹிராடோ என்ற பழைய துறைமுகம், அதன் கோட்டை. ஒல்லாந்தரை ஊருக்குள் விடாமல் அடைத்து வைத்திருந்த கையகலத் தீவு. ஊரா என்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோயில். இருநூறு வருடத்துக்கு மேல் ஒளித்து ஒளித்துச் செபித்த சனங்கள் முதன்முதலாக அங்கேதான் ஒரு குருவானவரிடம் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்று என்று சொன்னார்களாம். அதை வாசித்தபோது பஸ்ஸை விட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

படிக்கப் படிக்க அது எனக்கு அந்நிய ஊராகத் தெரியவில்லை. முதலில் போர்த்துக்கேயர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். மன்னார்க் கோட்டைக்கு வந்த அதே இரண்டு கூட்டம்தான் அங்கேயும் போயிருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றதற்காக எங்கள் சனத்தை ஓர் அரசன் வெட்டிக் கொன்றதைச் சின்ன வயதிலிருந்தே கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நான். நாகசாகி மேட்டில் இருபத்தாறு பேரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்று வாசித்தபோது, எங்கள் சாமியாரின் பழைய பிரசங்கத்தைத் திரும்பக் கேட்பதுபோல இருந்தது.

அதனால் ஒரு துணிவு வந்துவிட்டது. கையேட்டில் இல்லாத எதையாவது யாராவது கேட்டால், மன்னாரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கேட்டவர்கள் சந்தோசமாகப் போனார்கள். இரண்டு பேர் முற்பணமும் கட்டினார்கள். அண்ணைக்கும் முகத்தில் களை வந்தது.

4

மிஸிஸ் டோலன் எங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்ற வேதபாடம் படிப்பித்தவர். விதவை. எழுபதைத் தாண்டியவர், இடுப்பில் வருத்தம், தடி ஊன்றித்தான் நடப்பார். டிலானியை அவருடைய வகுப்பில் சேர்த்த அன்று, ஓர் ஆங்கிலேய அம்மா என் பிள்ளைக்கு இவ்வளவு செய்கிறாரே என்று அவருக்கு முகத்துக்கு நேரே நன்றி சொன்னேன். அவர் தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயக்காரி என்று இதுவரை ஒருவரும் திட்டியதில்லை. நான் அயர்லாந்துக்காரி, மேயோப் பக்கம்."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒட்டு. ஹோம் ஒபிஸ் எங்களை நன்றாக அறிந்த ஒருவரின் கடிதம் கேட்டபோது, வேறு யாரிடம் போவது? விண்ணப்பத்தின் பிரதிகளை ஒரு கவரில் போட்டு அவரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் கடிதம் தந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி நல்லதாக நாலு வரி. கடைசி வரி என்னைப் பற்றி: பிலோமினா உண்மை பேசுகிறவள், இதை நான் பொறுப்போடு சொல்கிறேன். அந்தக் கடிதம் எங்கள் கோப்பில் போய்ச் சேர்ந்தது.

தொண்ணூற்றொன்று பெப்ரவரியில் ஒரு பின்னேரம் அவர் எங்கள் கடைக்குள் வந்தார். குவைத் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். பறக்கப் பயந்து பதிந்தவர்களும் பின்வாங்கியிருந்தார்கள். டிலானி பள்ளி விட்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மிஸிஸ் டோலன் கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். அவருடைய ஒரே தம்பி குருவானவர். நாகசாகி மாகாணத்தில் கோட்டோ தீவுகளில் ஒன்றில் இருபது வருடம் பங்குச்சாமியாராக இருந்து, அங்கேயே இறந்து, அந்தக் கோயில் வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டவர். இவர் ஒரு தடவையும் போனதில்லை. கால் இன்னும் மோசமாகுமுன் ஒருக்கால் பார்க்க வேண்டும்.

"என் தம்பி கடிதத்தில் மழையையும் மீனையும் கூரைச் செலவையும் பற்றித்தான் எழுதுவான். கோயிலுக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. நீ போயிருக்கிறாயாமே. சொல்லு."

அவரிடமாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அண்ணை அடுத்த மேசையில் பேனையை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். நான் சொல்லத் தொடங்கினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றேன். பெண்கள் தலையை மூடிக்கொள்வார்கள், வெள்ளைத் துணி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாயில்தான் இருப்பார்கள். யன்னல் திறந்திருந்தால் பூசை நடுவில் கடல் கேட்கும். பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடமாட்டார்கள், கல்லறைகளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். செத்தவர்களோடு இரண்டு வார்த்தை கதைப்பார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் சரிவந்ததைக்கூடச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல என் குரலே மாறியது. மிஸிஸ் டோலன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒருவரும் கேட்காமலே, "உங்கள் காலைப் பற்றிப் பயப்படாதீர்கள். அங்கே படியே கிடையாது. வாசல்வரைக்கும் மணல்தான், சமதரை," என்றும் சொன்னேன்.

மன்னாரில் பிறந்தவளுக்குக் கோயில் என்றால் சமதரையில்தான் வரும். எங்கள் தீவில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது.

அடுத்த கிழமை மிஸிஸ் டோலன் தன் சிநேகிதிகள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து பதிந்தார். சித்திரையில் பயணம். அண்ணை அன்று எல்லோருக்கும் தன் கையால் தேநீர் போட்டார்.

5

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கம்பனியிலிருந்து தீவுகளுக்கென்று தனியாக ஒரு புதுக் கையேடு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் வெங்காயம் வெட்ட, டிலானி உரத்து வாசித்தாள். என் உச்சரிப்பைத் திருத்துவதற்காகவே அவளுக்கு அந்த வாசிப்பில் பிரியம்.

"அம்மா, இது மிஸிஸ் டோலன்ட பிரதர் இருந்த தீவு."

"ஓம், வாசி."

வாசித்தாள். கடலோரத்திலிருந்து ஐம்பத்துமூன்று கற்படிகள் ஏறிக் கோயிலை அடையலாம். கோயிலுக்குப் பின்னால் சிறிய கல்லறைத் தோட்டம்.

நான் கத்தியை வைத்துவிட்டு வந்து படத்தைப் பார்த்தேன். கீழே படகுகள். மேலே மரங்களுக்குள் சின்னதாக ஒரு கோயில். நடுவில் செங்குத்தாகப் படிகள், கைபிடிக் கம்பிகூட இல்லை.

"அம்மா, நீங்க அவவிட்ட சாண்ட் எண்டு சொன்னீங்க. ஃபிளாட் எண்டு சொன்னீங்க."

நான் கையேட்டை மூடி மேசையில் வைத்தேன்.

"யூ ஹேவ்ன்ட் பீன் தேர், அம்மா. யூ ஹேவ்ன்ட் ஈவன் பீன் டு பிறைட்டன்." லண்டனிலிருந்து ஒரு மணி நேரக் கடற்கரை அது, அங்கேகூட நான் போனதில்லை. பிறகு அவள் புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற சடங்கு. பிள்ளைகள் தங்கள் பாவங்களை யோசித்துப் பார்ப்பதற்காக மிஸிஸ் டோலன் எழுதிக் கொடுத்த தாள். "இது சின்னப் பாவமா, பெரிய பாவமா? ரெண்டுக்கும் லிஸ்ட் இருக்கு."

அவள் என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். சொல்லாமல் விட்டால், அந்த மனுஷி உலகத்தின் மறுமுனைக்குப் போய், படிகளின் அடியில் நின்று தம்பியின் கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அல்லது ஏறப் பார்த்து விழுவார். சொன்னால், பயணத்தையே விட்டுவிடுவார், அவரோடு எட்டுப் பேரும். அதோடு அந்தக் கடிதம் இருக்கிறது. உண்மை பேசுகிறவள் என்று எழுதிக் கையெழுத்து வைத்த மனுஷியிடம் போய், நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அவர் அதைத் திருப்பிக் கேட்டால் எங்கள் மூன்று பேரின் கதியும் என்னாவது?

காலையில் அண்ணையிடம் சொன்னேன். "அண்ணை, நான் போய்ச் சொல்லப் போறன்."

"பொறும் பிள்ளை, அவசரப்படாதையும். அங்க தூக்கி ஏத்த ஆக்கள் இருப்பினம். யப்பான்காரர் நல்ல சனம்."

"அவ என்ன அரிசி மூட்டையே தூக்கி ஏத்த?"

அண்ணை நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஒன்பது பேர் போனால் அந்த வருடத்துக்குக் கடை தப்பும் என்பது எனக்கும் தெரியும்.

"சரி, போய்ச் சொல்லும். கலைஞ்சாக் கலையட்டும். இன்னொண்டு, இந்தப் பொய்யைத் தொடக்கி வைச்சவன் சிவலிங்கம் எண்டும் சொல்லும். உம்மட தலையில மட்டும் போடாதையும்."

இந்த மனிதரிடம் இன்னும் நான் வேலை செய்கிறேன் என்றால் அதற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

6

மிஸிஸ் டோலனின் வீடு மேட்டில், நாலு தெரு தள்ளி. அவருடைய குசினி மேசையில் யப்பானுக்குக் கொண்டுபோக வாங்கிய கம்பளிக் காலுறைகள் கிடந்தன. செருப்பைக் கழற்றி நிற்கும்போது தரை குளிருமென்று வாங்கியிருந்தார். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன். யப்பானுக்கு நான் போனதே இல்லை. சொன்னதெல்லாம் என் ஊர்க் கோயில். அங்கே ஐம்பத்துமூன்று படி இருக்கிறது.

அவர் என்னை இருக்கச் சொன்னார். தேநீர் ஊற்றினார்.

"நீ போகவில்லை என்பது எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உன் விண்ணப்பத்தை யாரிடம் கொடுத்தாய்? ஆசிரியையிடம். ஆசிரியை எல்லாப் பக்கத்தையும் வாசிப்பாள். இதற்கு முன் சென்ற நாடுகள் என்று ஒரு கட்டம். அதில் உன் கையெழுத்தில், இல்லை என்று எழுதியிருந்தது."

"அப்படியென்றால் ஏன் என்னை நிறுத்தவில்லை?"

"முப்பது வருடம் பொய் சொல்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான். கடையில் நீ சொன்னபோது உன் முகம் அப்படி இருக்கவில்லை. நீ ஒரு உண்மையான கோயிலைச் சொன்னாய். ஊர்ப் பெயர் மட்டும்தான் பிழை. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை." பிறகு காலுறைகளைத் தள்ளி வைத்தார். "ஆனால் படி. அது எனக்குத் தெரியாது. அதைக் கையேட்டைப் பார்த்துச் சொல்கிறாய் என்று நம்பிவிட்டேன், பிலோ."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிவிட்டேன் என்றதுதான் சுட்டது. அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுங்கள், நானே ஹோம் ஒபிஸுக்கு எழுதுகிறேன் என்றேன்.

"எதற்கு? அதை எழுதும்போது நம்பிக்கையில் எழுதினேன். இன்றைக்கு நீ படியேறி வந்து சொன்ன பிறகு, இனி ஆதாரத்தோடு எழுதுவேன். கேட்டால் இன்னொன்றும் தருவேன்."

பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார். நடைக்குப் போய்த் தன் வீட்டு மாடிப்படியைப் பார்த்தார்.

"இது பதினாலு படி. நாலு தடவை ஏறினால் எத்தனை?"

"ஐம்பத்தாறு."

"மூன்று கிழமை இருக்கிறது. நாளைக்கு வேலை முடிந்து வா. நான் பின்னால் விழுந்தால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அது நீதான். இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. இரு. அந்தக் கோயிலை இன்னொரு தரம் சொல்லு. இந்தத் தடவை மன்னார் என்றே சொல்லு."

சொன்னேன். மன்னார் என்றே தொடங்கிச் சொன்னேன். ஆறு வருடத்தில் இந்த நாட்டில் யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. அதிகாரிகள் கேட்டதெல்லாம் எத்தனையாம் திகதி, எந்தச் சோதனைச் சாவடி, அதற்கு அத்தாட்சி என்ன என்றுதான். அவர்கள் கடமை அது. இவர் யன்னல் எத்தனை, பாய் என்ன நிறம், பாட்டை யார் எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டார்.

7

மூன்று கிழமையும் போனேன். கடை பூட்டியதும் டிலானியையும் கூட்டிக்கொண்டு மேடேறுவேன். மிஸிஸ் டோலன் ஒரு கையால் கம்பியைப் பிடிப்பார். இரண்டாவது கிழமையிலிருந்து, அங்கே கம்பி இல்லை என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். நான் இரண்டு படி கீழே, கைகளை விரித்தபடி வருவேன். முதல் நாள் பதினாலு படியோடு முகம் வெளுத்துப் படியிலேயே இருந்துவிட்டார். இனி வேண்டாம், விடுங்கள் என்று கெஞ்சினேன். வாயை மூடு என்றார்.

டிலானி மேலே இருந்து எண்ணுவாள். முதல் நாள் ஆங்கிலத்தில் எண்ணினாள். மிஸிஸ் டோலன், இந்த வீட்டில் ஏறும்போது உன் அம்மாவின் பாஷையில்தான் எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் என் மகள் ஐம்பத்தாறு வரைக்கும் தமிழில் பிழையில்லாமல் எண்ணப் பழகினாள். நான் இரண்டு வருடம் மன்றாடியும் இருபதைத் தாண்டாதவள். நாற்பதுக்கு மேலே வந்தால் மிஸிஸ் டோலனும் மூச்சு வாங்கிக்கொண்டு கூடச் சேர்ந்து சொல்வார். அவருடைய வாயில் நாற்பத்தேழு பட்ட பாட்டை எழுத்தில் காட்ட முடியாது.

ஒன்பது பேரும் போனார்கள். அண்ணை ஹீத்ரோ விமான நிலையம்வரைக்கும் தன் வான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். நான் பத்து நாளும் ஒவ்வொரு காலையும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பேன், அங்கே இப்போது பின்னேரம், இப்போது கப்பலில் இருப்பார்கள், இப்போது படியடியில் நிற்பார் என்று. தீவுக்குப் போகிற நாள் அன்று மூன்று ரிக்கெற்றைப் பிழையாக எழுதினேன். அண்ணை மூன்றையும் திருத்தினார்.

திரும்பி வந்த அடுத்த நாளே மிஸிஸ் டோலன் கடைக்கு வந்தார். களைத்திருந்தார், ஆனால் முகம் நிறைந்திருந்தது. தடியை மேசையில் சாய்த்து வைத்தார்.

"ஏறினேன். ஏழு இடத்தில் நின்றேன். ஏறினேன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை எழும்பி நின்றுவிட்டார்.

"வாசலில் செருப்புத் தட்டு இருந்தது. நீ சொன்னதுபோல எல்லோரும் கழற்றினார்கள். பெண்கள் வெள்ளை முக்காடு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாய் மட்டும் இல்லை, பெஞ்சு போட்டுவிட்டார்கள். மற்றப்படி எல்லாம் சரி."

நான் கதையாகச் சொன்னது அங்கே வேறு சனங்களின் வாழ்க்கையாக இருந்திருக்கிறது.

"என் சிநேகிதிகள் விறைத்துப்போய் நின்றார்கள். நான் சப்பாத்தைக் கழற்றி, கம்பளிக் காலுறையைப் போட்டு, பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நேரே பெண்கள் பக்கம் போய் இருந்தேன். பூசை முடிய என் தம்பியிடம் போய் மெழுகுதிரி கொளுத்தி, நிறையக் கதைத்தேன். அங்கேயிருந்த பெண்களுக்கு ஆச்சரியம். வழிகாட்டிப் பெட்டையை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்கள்: எங்கள் பழக்கமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், முன்பு வந்திருக்கிறீர்களா?"

"என்ன சொன்னீர்கள்?"

"நான் வந்ததில்லை என்றேன். லண்டனில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். அவள் இங்கே வந்திருக்கிறாள், அவள்தான் எல்லாம் சொல்லித் தந்தாள் என்றேன்."

"மிஸிஸ் டோலன், அது பொய்."

"பொய்தான். என் தம்பியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பொய். வேறு எப்படிச் சொல்வது? மன்னாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கப்பல் போய்விடும்." அவர் தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார். "சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். நீயும் வா. வரிசையில் துணைக்கு நில்லு."

போனேன். அவர் எனக்கு முன்னால் நின்றார். முறை வந்ததும் உள்ளே போய் வழமையைவிடக் கனநேரம் இருந்தார், நடுவில் சாமியார் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. பிறகு நான் போய் முழந்தாளிட்டேன். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த பாவம் ஒன்றும் அந்த நேரம் வாயில் வரவில்லை. சுவாமி, எனக்கு நன்றி சொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது, வேறொன்றும் வருகுதில்லை என்றேன். சாமியார் அதற்கும் பரிகாரமாக, மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார்.